சாட்சி நேரத்தில் நான் கேட்ட கேள்வி

லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் ஆசையாக எடுக்கும் பாடம் ஒன்று இருந்தது. கரும்பலகையில் இரண்டு கோடு இழுத்து மூன்று கட்டம் போடுவேன். முதல் கட்டம் உண்மை. யார் போய்ப் பார்த்தாலும் அப்படியே இருப்பது. இரண்டாவது கருத்து. ஒருவருக்கு அப்படித் தோன்றும், இன்னொருவருக்குத் தோன்றாது. மூன்றாவதற்குப் புத்தகத்தில் ஏதோ பெரிய பெயர் போட்டிருப்பார்கள். நான் 'அடித்துச் சொல்வது' என்று எழுதிவிடுவேன். போய்ப் பார்த்திருக்கவும் மாட்டார்கள், காரணம் கேட்டால் கோபமும் வரும், ஆனால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்வார்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் எப்படியும் சாமியிடம்தான் போய் நிற்பார்கள். "எங்க தோட்டத்துல பங்குனியில தேரு இழுப்பாங்க சார்" என்று ஒருவன் சொல்வான். சரி, முதல் கட்டம். "கிறிஸ்மஸ் கேரல் கேக்க நல்லாருக்கும் சார்." இரண்டாவது. "எங்க காளியம்மாதான் சார் எல்லாத்தையும் விடப் பெருசு" என்று கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். உடனே சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பிள்ளை ஒன்று எழும்பி, "யாரு சார் அளந்து பாத்தாங்க?" என்று கேட்கும். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இப்படி ஒரு பாடத்தை இந்த மலையில் என்னைப் போல நடத்த ஆள் இல்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. மண்டைக்கனம் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னதும் உண்மைக் கட்டத்தில் போட வேண்டியதுதான், அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், லயத்து வரிசை வீடொன்றின் இரண்டு காம்பரா அறையில் அவள் குடும்பம். இரண்டு பிள்ளைகள். அக்கா புருஷன், மச்சான், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், நல்ல வேலைக்காரர், ஆனால் கையில் சம்பளம் விழுந்தால் அன்றைக்கு வீடு வந்து சேரமாட்டார். அவரைத் தேடி நானே தலவாக்கலை வரைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அக்கா முகத்தில் எந்தக் காயம் எப்படி வந்தது என்று நாங்கள் கேட்பதை நிறுத்தியே பல வருடமாகிவிட்டது.

அந்த மனுஷன் குடியை விட்டார். டவுனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டர் ஒருவர் லயத்துக்கு வந்து போக ஆரம்பித்தார். மச்சானோடு உட்கார்ந்து பேசினார், அழுதார், கட்டிப்பிடித்தார். மூன்று மாதத்தில் குடி நின்றது. பிறகு வீட்டோடு சபைக்குப் போனார்கள். சாமிப் படங்களை அக்கா ஒரு துணியில் சுற்றி எங்கள் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா என்னோடு இருக்கிறாள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

அக்கா வந்தால் நான் சீண்டாமல் இருக்கமாட்டேன்.

"அவரு குடிக்கிறத விட்டாருல்ல தம்பி, அது ஆண்டவரு செஞ்சது" என்பாள்.

"விட்டது உண்மைக்கா. பாஸ்டரு நல்ல மனுசன்ங்கிறது ஒன் கருத்து. ஆண்டவரு செஞ்சாருங்கிறது நீ அடிச்சுச் சொல்றது."

"நீ இப்ப சொன்னது எந்தக் கட்டம்டா?"

நான் முழிப்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "ஒங் கோடெல்லாம் பள்ளிக்கூடத்துல போடு சாமி, எங்க வீட்டுல போடாத" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவாள். அவளை அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை அப்போது கவனிக்கத் தவறினேன். பைபிளை வாசித்து வாசித்தே எழுத்துக் கூட்டாமல் படிக்கப் பழகியிருந்தாள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் வாத்தியாருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைத்தண்ணி விழும் பீலியில் குளித்துக்கொண்டிருக்கும்போது அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்து, "இங்க கட்டியா இருக்கா பாரு" என்று கேட்டிருக்கிறாள். இருந்தது. பட்டாணிக்கடலை அளவு என்று மனைவி சொன்னாள். அடுத்த நாளே வேலைக்குப் போகாமல் அவளை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பார்த்த டாக்டர் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்து, நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு திகதியும் குறித்துக் கொடுத்தார். அதற்கு மூன்று கிழமை இருந்தது, இருபது நாளுக்கு மேல்.

அந்த மூன்று கிழமைக்குள் சபையில் அவளுக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். மூன்று நாள். நாலாம் நாள் அக்கா தொட்டுப் பார்த்தபோது கட்டி தட்டுப்படவில்லையாம். மச்சான் ஓடிவந்து சொன்னார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, குடித்துச் சிவந்த கண் அல்ல என்று பார்த்ததும் தெரிந்தது. "வர்ற ஞாயித்துக்கிழம ஒங்கக்கா சாட்சி சொல்றா. நீங்க கட்டாயம் வரணும்" என்றார். பின்னால் அக்காவே எனக்குப் போன் எடுத்தாள். "ஒரே ஒரு தடவ வந்து கேளுடா. நா மைக்குல பேசப் போறேன்."

போனேன். அம்மா வரவில்லை. மனைவி, "போனா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு வாங்க" என்றுதான் அனுப்பினாள்.

மாடிப்படியெல்லாம் செருப்பும் நனைந்த குடைகளும். உள்ளே ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்த தோட்டத்துச் சனம். என்னிடம் படித்த பிள்ளைகள் மூன்று நாலு பேர் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்கள். சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. தனக்கு ஆண்டவர் செய்த நன்மையை எழும்பி நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு அது அவரவர் வீட்டு விஷயம் அல்ல, சபையின் சொத்து. அடுத்தவர்கள் தங்கள் கஷ்டத்தில் அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவார்கள். ஒரு பையன் போனில் வீடியோப் படம் எடுப்பான், அன்றைக்கே அது எல்லா லயத்துக்கும் போய்ச் சேரும்.

அக்கா கல்யாணத்துக்கு எடுத்த ரோஸ் கலர் புடவை கட்டியிருந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொன்னதைத் தவிர நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்தது கிடையாது. அன்றைக்குப் பேசினாள். மச்சான் குடித்ததைச் சொன்னாள், அடித்ததைச் சொன்னாள், அவர் விட்டதைச் சொன்னாள், கட்டி வந்ததைச் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. "இன்னைக்கு அந்தக் கட்டி இல்லீங்க. கரைஞ்சு போச்சு. ஆண்டவரு என்னைய சொகமாக்கிட்டாரு" என்று முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் என்னைத் தேடிப் பார்த்தாள்.

நான் கை தட்டியிருக்கலாம். இல்லை, சும்மா இருந்திருக்கலாம். கட்டி போயிருக்காது என்ற பயம் எனக்கு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என்னை எழுப்பிவிட்டது பயம் மட்டும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். என்னிடம் படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பேர் கை தட்டுகிறார்களே, ஒருவருக்குமா கேள்வி வரவில்லை என்ற எரிச்சலும் இருந்தது. எழும்பிவிட்டேன்.

"கட்டி இல்லைன்னு யாரு பாத்தது?" என்று கேட்டேன்.

கை தட்டல் நின்றது. அக்கா மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை. "நாந்தான்டா பாத்தேன்" என்றாள்.

"தொட்டுப் பாத்தா ஆச்சா? ஒனக்கு அப்படித் தெரியுது, அவ்வளவுதான். அது உண்மையாயிருமா?"

பாஸ்டர் குறுக்கே வந்தார். நான் நினைத்த மாதிரி அவர் கோபப்படவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட, மெலிந்த, வயதான மனிதர். "சார், டாக்டருகிட்ட போக வேணாம்னு நா யாரையும் தடுக்கிறதில்லீங்க. அம்மா போய்க் காட்டட்டும். டாக்டருமாரும் ஆண்டவரு குடுத்தவங்கதானே" என்றார்.

அத்தோடு நான் உட்கார்ந்திருந்தால் போதும். கதவைத் திறந்தே வைத்திருந்தார் அந்த மனிதர். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் எனக்குக் கை நின்றுபோகிறது. நான் உட்காரவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை, அக்காவைத்தான் பார்த்தேன்.

"சரி, போவோம். நானே கூட்டிக்கிட்டுப் போறேன். கட்டி இல்லைன்னா நா இந்தச் சபைக்கு வந்து முழங்கால் போடுறேன். இருந்தா? இதே மைக்கைப் புடிச்சு, இத்தன பேரு முன்னால, நீ சொன்னது பொய்யின்னு நீயே சொல்லுவியா?"

அக்கா மைக்கைக் கீழே வைத்தாள். முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. படம் எடுத்த பையன் போனைக் கீழே இறக்கினான். பின்னால் யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். மச்சான் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். போங்கள் என்ற கும்பிடு அது. நான் படி இறங்கினேன். மழையில் பஸ்ஸுக்கு நின்றபோது, சரியான கேள்வியைத்தான் கேட்டோம் என்றே நினைத்துக்கொண்டு நின்றேன்.

திகதிக்கு இரண்டு நாள் முன்னால் மேற்கணக்குக்குப் போனேன். அக்கா வாசலில் ஈர விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"வியாழக்கிழம போகணும்க்கா. லீவு போட்டுட்டேன்."

"நா வரல."

"பாஸ்டரே போகச் சொன்னாருல்ல?"

"அவரு சொன்னாரு. நீ கேட்டதுக்குப் பொறகு எப்படிடா போறது? நா போனா, எனக்கே நம்பிக்க இல்லைன்னு ஆயிரும். கடவுளுக்குப் பரீட்ச வச்சுப் பாக்கப் போறேன்னு ஆயிரும். அங்கன எனக்குப் பின்னால எத்தன பேரு நிக்கிறாங்க தெரியுமா? அடுத்த வீட்டு அக்கா புள்ளைக்கு இழுப்பு. நா சொன்னதக் கேட்டுத்தான் அவங்க ஜெபத்துக்கே வந்தாங்க."

"சும்மா வாக்கா. யாருக்கும் சொல்ல வேணாம். போனா சரியாயிரும்."

"ஒனக்குத் தெரியுமா சரியாயிரும்னு?"

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னேன். பாஸ்டர் சபையில் சொல்வதற்கும் நான் அந்த வாசலில் நின்று சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது கேட்டால் என்னால் ஒன்றும் காட்ட முடியாது. அன்றைக்கு அவள் கேட்டபோது கத்தத்தான் செய்தேன். படிக்காத சனம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. ஏழாம் ஆண்டோடு நின்றவளிடம், அவள் பறித்த கொழுந்தில் பள்ளிக்கூடம் போன நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் விறகடுக்குவதை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அம்மா சும்மா இருப்பாளா? அன்றைக்குப் பின்னேரமே கோயிலில் சாமியாடியிடம் போய் நின்றாள். துணைக்கு நானும் போனேன். சாமி வந்து ஆடிய மனிதர், குலதெய்வத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்த வீட்டில் நோய் வராமல் என்ன வரும் என்றார். கிடாய் வெட்டிப் பொங்கல் வைத்தால் நாற்பத்தெட்டு நாளில் கட்டி உதிர்ந்துவிடும் என்றார். அம்மா அழுதுகொண்டே சரி, சரி என்றாள். நான் குனிந்தேன், நெற்றியில் விபூதி வைத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "உதிர்ந்துரும்னு யாரு பாத்ததுன்னு அங்க கேட்டீங்களா?"

"அம்மா நின்னாங்க. அம்மா மனசு நோகும்ல."

"அங்கயும் ஒங்கக்காதானே நின்னாங்க, மைக்கப் புடிச்சுக்கிட்டு."

அவள் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. நான் போடும் கட்டங்கள் அடுத்தவன் வீட்டுச் சாமிக்குத்தான் என்பது எனக்கு விளங்க வருடம் ஒன்று எடுத்தது. மாரியம்மன் தேரில் வைத்து எவனாவது ஒரு வேதக்காரன் எழும்பி என்னைக் கேட்டிருந்தால் அவன் கை காலோடு போயிருக்கமாட்டான். நானே முதலில் சட்டைக் கையை மடித்திருப்பேன்.

ஆசிரியர் அறையிலும் இந்தப் பேச்சு ஓடியது. ஒருவர், சபைக்காரர்களைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது என்றார். கத்தோலிக்க ஆசிரியை ஒருவர், எங்கள் கோயிலில் இப்படியெல்லாம் செய்யமாட்டோம் என்றார். சாமியே இல்லை, எல்லாம் ஏமாற்று என்று இன்னொருவர். எல்லோரும் என் பக்கம். எல்லோரும் அடித்துத்தான் பேசினார்கள். அக்காவின் பெயரைச் சொல்லி ஒருவரும் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சில் ருசி கண்டு உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் இரண்டு பாட நேரம் தப்பிப் போயிருக்கும்.

வியாழக்கிழமை வந்தது, போயிற்று. அக்கா அன்றைக்கு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தாள். அவளோடு பறிக்கிற பெண்கள் சொன்னார்கள், தலையில் கூடையை மாட்டும்போது இடது கையை உயர்த்தச் சிரமப்பட்டாளாம். வலிக்கிறதா என்று கேட்டால், சாட்சி சொன்னவள் எப்படி வலிக்கிறது என்று சொல்வாள்? கொழுந்து நிறுவைக்கு நிற்கும்போது பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, எங்களுக்காகவும் ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்பார்களாம். அவள் பண்ணுவாளாம். அந்தக் கையோடு மற்றவர்கள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணியிருக்கிறாள்.

என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்கு வரவில்லை, அது சபைக்கு ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். புது வருடத்துக்கும் வரவில்லை. எட்டு மாதம். இதே தோட்டத்தில், நடந்தால் அரை மணி நேரம். நான் போகவில்லை. வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். எதற்கு மன்னிப்பு என்று என்னை யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு நாள் மனைவி மேற்கணக்கு லயத்துக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாளாம். கிட்டப் போனதும் வாடை அடித்திருக்கிறது. மனைவி காம்பராவுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, துணியை விலக்கிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை அவள் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "யாரு பாத்ததுன்னு கேட்டீங்களே, இப்ப நா பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மச்சான்தான் கடைசியில் அவளைக் கிளப்பினார். பாஸ்டரும் கூடவே வந்தார், வேனைப் பிடித்தவரே அவர்தான். நானும் அதில் ஏறிக்கொண்டேன். அக்காவின் பைபிளுக்குள் அந்தக் கடிதம் மடித்தது மடித்தபடி இருந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் அதை வாங்கிப் பார்த்த சிங்கள டாக்டரம்மா திகதியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அய் மெச்சர பரக்கு வுனே?" என்றார். ஏன் இவ்வளவு தாமதமாயிற்று என்று கேட்கிறார். மச்சானுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. என்னைப் பார்த்தார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கண்டிக்கு அனுப்பினார்கள். ஊசி, ஸ்கேன் படம், திரும்ப ஊசி. விடியற்காலைப் பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு போவதும், திரும்பி வரும் வழியில் அவள் பொலித்தீன் பையில் வாந்தி எடுப்பதும் சில மாதம் நடந்தது. பிறகு ஒரு நாள் அங்கே ஒரு டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் விடவில்லை. அந்த முதல் கடிதத்தோடு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல விரும்பவில்லை. வற்புறுத்திக் கேட்டதும், பெரும்பாலும் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும், இன்றைக்கு வேலைக்கும் போயிருப்பார் என்றார். நான் தேடிப் போய்க் கேட்டு வாங்கிய உண்மை அது. அதை வைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. மச்சானிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொல்லவில்லை.

அக்காவை மேற்கணக்குக் காம்பராவில் கிடத்தினோம். சபைப் பெண்கள் முறை வைத்து வந்து கழுவித் துடைத்தார்கள், பாடினார்கள். அவர்களில் ஒருத்திகூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவள் சொன்ன சாட்சியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன்களில் இருந்த அந்தப் படம் எங்கே போயிற்று என்று தெரியாது. அம்மா வந்து, அவள் தூங்கும்போது தலையணைக்குக் கீழே கோயில் கயிற்றை வைத்துவிட்டுப் போவாள். அக்காவுக்குத் தெரியும். எடுத்து எறியவில்லை.

நான் பாடசாலை விட்டதும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். பழைய மாதிரி இல்லாவிட்டாலும் பேசினோம். பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் சமையல், சம்பளம் கூடுமா கூடாதா. சபையைப் பற்றி நான் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

ஒரு பின்னேரம் நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. மச்சான் வேலையால் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் பக்கத்து வீட்டில். அக்கா கையைக் காட்டிக் கிட்ட வரச் சொன்னாள்.

"ஒன்னு கேக்குறேன். மறைக்காமச் சொல்லு."

"கேளுக்கா."

"அன்னைக்கே அந்தக் கடுதாசிய எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, நா பொழச்சிருப்பனா?"

கண்டி டாக்டர் சொன்ன வார்த்தை எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் இருந்தது. அக்காவின் கண் குழிக்குள் போயிருந்தது, ஆனால் பார்வை என்னை விட்டு நகரவில்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்லக்கா. டாக்டருகிட்ட நா கேட்டேன். அப்பவே உள்ளுக்குள்ள பரவிருச்சாம். அன்னைக்குப் போயிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்."

"நெசமா?"

"நெசமாக்கா. டாக்டரே சொன்னாரு."

என் ஆயுளில் நான் சொன்ன ஒன்றை அக்கா திருப்பி மடக்காமல் நம்பியது அதுதான். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. "அப்ப நா சாட்சி சொன்னதால எம் புள்ளைங்க தாயில்லாமப் போகல" என்றாள்.

"இல்லவே இல்லக்கா."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து திரும்ப என்னைப் பார்த்தாள்.

"அப்பொறம் ஏன்டா அன்னைக்கு அத்தன பேரு முன்னால என்னைய அப்படிக் கேட்ட?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போயிருந்தாலும் ஒன்றுதான், போகாமல் இருந்தாலும் ஒன்றுதான் என்று நானே சொல்லிவிட்டேன். பிறகு எதற்காக அந்தக் கேள்வி? நான் அவள் போர்வையைச் சரி செய்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த கிழமை போய்விட்டாள். அதுவரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.